வீட்டுக் கணினியில் தொலைநகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பும் அதற்கான மோடமும் இருக்கின்றன. கணினியில் ‘விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ நிரலைத் திறந்து தொலைநகல் அனுப்ப முயன்றால், ஃபேக்ஸ் மோடம் எதுவும் இணைக்கப்படவில்லை என்கிறது. கணினியில் கோளாறா?

பதில்: கணினியில் கோளாறு ஏதும் இல்லை. மோடம் என்ற ஒரே பெயர் இரண்டு வேறு கருவிகளுக்கு வழங்கி வருவதால் நேர்ந்த குழப்பம் இது. பிராட்பேண்ட் மோடம் இணையத்துடன் எப்போதும் இணைந்தே இருக்கும். அது யாருடைய எண்ணுக்கும் அழைப்பு விடுப்பதில்லை. தொலைநகலோ முதலிலிருந்து முடிவு வரை ஒரு தொலைபேசி அழைப்பு. அனுப்பும் கருவி எண்ணை அழைத்ததும், 1100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அரை வினாடி ஒலித்து, மூன்று வினாடி ஓய்ந்து, மீண்டும் ஒலிக்கும். தொலைநகல் கருவி ஒன்று தவறுதலாக வீட்டுத் தொலைபேசியை அழைத்துவிட்டால் காதில் விழும் விட்டு விட்டு வரும் ‘பீப்’ ஒலி இதுதான். மறுமுனைக் கருவி 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒலித்து விடை சொல்லும். அதன்பின் இரண்டும் எந்த வேகத்தில் அனுப்புவது, எவ்வளவு நுணுக்கமாக அனுப்புவது என்று தமக்குள் ஒத்துக்கொண்டு, பக்கத்தின் படத்தை ஒலியாக மாற்றிக் கம்பி வழியே அனுப்புகின்றன.

ஆகவே இந்த ஒலிகளை எழுப்பவும் கேட்கவும் தெரிந்த ஃபேக்ஸ் மோடம் உங்களுக்குத் தேவை. யுஎஸ்பி வழியாகச் செருகும் சிறிய மோடம் போதும். அதன் மறுபக்கத்துத் தொலைபேசிக் கம்பியைச் சுவரில் உள்ள தொலைபேசி இணைப்பில் பொருத்த வேண்டும். அதே கம்பியில் பிராட்பேண்டும் வருகிறது என்றால், பிராட்பேண்ட் அலைகள் மோடத்துக்குள் புகாமல் தடுக்கும் சிறிய வடிகட்டி (ஃபில்டர்) இடையில் அவசியம். கையில் பழைய மோடம் ஒன்று இருந்து, அது தொலைநகலுக்கு உதவுமா என்ற ஐயம் இருந்தால், கண்ட்ரோல் பேனலில் ‘போன் அண்ட் மோடம்’ பகுதிக்குச் சென்று, ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பக்கத்தில் ‘குவெரி மோடம்’ பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘ஏடி+எஃப்கிளாஸ்=?’ என்ற கட்டளைக்கு எதிரே சில எண்கள் இருக்கும். அவற்றில் 1 அல்லது 2 இருந்தால் அந்த மோடம் தொலைநகலைக் கையாளும். 0 மட்டும் இருந்தால் தரவுக்கு மட்டுமே உதவும்.

தொலைநகல் வசதியுள்ள அச்சுப்பொறி வீட்டில் ஏற்கெனவே இருந்தால், மோடம் வாங்குவதற்கு முன் அதன் கையேட்டைப் பாருங்கள். பல அச்சுப்பொறிகள் கணினியிலிருந்தே தம் வழியாகத் தொலைநகல் அனுப்ப இடம் தருகின்றன.

கேள்வி: கணினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அச்சிடாமல் அப்படியே அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். கடிதத்தைத் திறந்து, அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிகளின் பட்டியலில் ‘ஃபேக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எண்ணைக் கேட்கும் சாளரம் திறக்கும். காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்புவதைவிட இவ்வாறு அனுப்பும் கடிதமே மறுமுனையில் தெளிவாகப் போய்ச் சேரும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் நிரல் கண்ணில் படவில்லை என்றால், ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வந்த தொலைநகல் கோப்பைப் படம் பார்க்கும் நிரலில் திறந்தால் எழுத்துகள் எல்லாம் குட்டையாக, மேலிருந்து அமுக்கியதுபோல் தெரிகின்றன. மூன்று பக்கம் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. திரும்ப அனுப்பச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். அனுப்பியது முழுதாகவே உங்களிடம் இருக்கக்கூடும். வந்த தொலைநகலை விண்டோஸ் ‘டிஃப்’ வகைப் படக்கோப்பாகச் சேமிக்கிறது. ஒரே டிஃப் கோப்புக்குள் பல பக்கங்கள் அடங்கும். ஆனால் சில நிரல்கள் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். மற்ற பக்கங்கள் இருப்பதாகக்கூடச் சொல்லாது. இதனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்திடும் ஆபத்து உண்டு என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். வந்த கோப்பை ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் நிரலிலேயே திறந்து பக்கங்களை எண்ணிப் பாருங்கள். முகப்புத் தாளில் குறித்துள்ள எண்ணிக்கையோடு அது பொருந்த வேண்டும்.

எழுத்துகள் அமுங்கித் தெரிவதற்குக் காரணம் வேறு. சாதாரணத் தரத்தில் அனுப்பிய தொலைநகலில் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள் உண்டு. அதாவது கிடைமட்டத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 204 புள்ளிகள். மேலிருந்து கீழாகவோ அங்குலத்துக்கு ஏறத்தாழ 98 வரிகள்தாம். எனவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப்போல் இருமடங்கு உயரமானது. இதை உணராத நிரல், எல்லாப் புள்ளிகளையும் சதுரமாக வரைந்து, பக்கத்தின் உயரத்தைப் பாதியாக்கிவிடுகிறது. ‘ழ’வும் ‘ஓ’வும் படுத்துக் கிடப்பதுபோல் தோன்றுவது அதனால்தான். அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் இருமடங்காக்கினால் பக்கம் நிமிர்ந்துவிடும். இன்னும் எளிய வழி, ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் நிரலிலிருந்து பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டு வைத்துக்கொள்வது. பக்கங்கள் ஒன்றாக இருக்கும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும்.

கேள்வி: அடையாள அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பினேன். மறுமுனையில் வெறும் கருப்புத் திட்டாக வந்ததாகச் சொல்கிறார்கள்.

பதில்: தொலைநகலுக்குப் பொதுவாகக் கருப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும், சாம்பல் நிறத்தைக்கூட அது கருப்புப் புள்ளிகளாகச் சிதறித்தான் காட்டும். அட்டையின் பின்னணியில் உள்ள இளநீலமும் பச்சையும் அவ்வாறே புள்ளிகளாகி எழுத்துகளை மூடிவிட்டன. கைபேசியில் எடுத்த படமாக இருந்தால், உங்கள் கையின் நிழலும் ஒரு கருப்புப் பட்டையாகச் சேர்ந்திருக்கும். ஸ்கேன் செய்யும்போதே கருப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுத்து, பின்னணி மறைந்து எழுத்து மட்டும் நிற்கும்வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அட்டையைப் பெரிதாக்கி, ‘ஃபைன்’ தரத்தில் அனுப்புங்கள். அதில் வரிகளின் எண்ணிக்கை இருமடங்காகும். திரையில் நீங்கள் காணும் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தை உங்களாலேயே படிக்க முடியவில்லை என்றால், பெறுபவராலும் படிக்க முடியாது.

கேள்வி: தொலைபேசியை இணையவழி இணைப்புக்கு மாற்றிய பிறகு, இரண்டாம் பக்கத்தில் தொலைநகல் அறுந்துவிடுகிறது. பேச்சு மட்டும் தெளிவாகவே கேட்கிறது.

பதில்: பேச்சில் ஒரு கணம் விட்டுப்போனாலும் நம் காது அதை இட்டு நிரப்பிக்கொள்ளும், மோடத்தால் அது முடியாது. இணையவழித் தொலைபேசி குரலைச் சுருக்கியும் துண்டுதுண்டாகவும் அனுப்புவதால், தொலைநகலின் ஒலி வழியிலேயே சிதைகிறது. மோடத்தின் வேகத்தை வினாடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 பிட்டாகக் குறைத்துப் பாருங்கள். பல நேரங்களில் இதுவே போதும். அப்போதும் அறுந்தால், ‘டி.38’ என்ற முறையை ஆதரிக்கிறார்களா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். தொலைநகலை இணையத்தின் வழியே சிதையாமல் கொண்டுசெல்வதற்கென்றே வகுக்கப்பட்ட முறை அது.

கோப்பைப் பதிவேற்றினால் தொலைநகலாக அனுப்பித்தரும் இணையச் சேவைகளும் உண்டு. எப்போதாவது ஒரு விண்ணப்பம் அனுப்புவோருக்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்த ஆவணம் மூன்றாம் தரப்பு ஒருவரின் கணினியில் தங்கிச் செல்கிறது. மருத்துவ அறிக்கையையும் வங்கி விவரங்களையும் அவ்வாறு அனுப்ப என் மனம் ஒப்புவதில்லை.

கேள்வி: ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்ற அறிக்கை எனக்கு வந்துவிட்டது. மறுபுறத்தில் எதுவும் வரவில்லை என்று சாதிக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மறுமுனைக் கருவி ‘கிடைத்தது’ என்று ஒரு குறிப்பொலி அனுப்பும். அறிக்கை அதைத்தான் சொல்கிறது. அந்தக் கருவியில் காகிதம் தீர்ந்துபோய்ப் பக்கம் நினைவகத்திலேயே நின்றிருக்கலாம். அச்சாகி வேறொருவர் மேசைக்குப் போயிருக்கலாம். நீங்கள் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டியதால் வேறோர் அலுவலகத்தின் கருவியே அதை ஏற்றிருக்கவும் கூடும். ஆகையால் முதலில் அறிக்கையில் உள்ள எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். எண் சரியென்றால், அனுப்பிய நேரத்தையும் பக்க எண்ணிக்கையையும் தொலைபேசியில் அவர்களிடம் சொல்லி, கருவியின் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். பெரும்பாலான தொலைநகல் கருவிகள் அத்தகைய பதிவேட்டை வைத்திருக்கின்றன. அனுப்பிய பிரதி உங்கள் நிரலின் ‘சென்ட் ஐட்டம்ஸ்’ பகுதியில் இருக்கும். விவகாரம் தீரும்வரை அதை அழிக்க வேண்டாம்.