கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க எத்தனை நாள் வேண்டும்? எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

மூன்று நாள். ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாள் சீட்டை 10 நாட்களுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம். அந்த வெயிலில் அது தேவைப்படும்.

சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. சியாம் ரீப் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனி அலுவலகத்தில், அல்லது அங்கோர் என்டர்பிரைஸ் இணையதளத்தில் வாங்க வேண்டும். உங்கள் புகைப்படம் அதில் இருக்கும், ஆகவே அடுத்தவர் சீட்டு செல்லாது. மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாள் தேதி போட்டுத் தருவார்கள். அன்றைய அந்தியையும் அதே சீட்டில் பார்த்துவிடலாம். 12 வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

வரிசையைத் தீர்மானிப்பது கோயில் பார்க்கும் திசை. பயோன், தா புரோம், பந்தேய் ஸ்ரேய் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. காலை வெயில் முகப்பில் விழும். அங்கோர் வாட் மட்டும் மேற்குப் பார்த்தது. காலையில் கோபுரங்கள் கறுத்த நிழலாகத்தான் தெரியும், கல்லின் நிறமும் வேலைப்பாடும் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் துலங்கும். எனவே அங்கோர் வாட்டுக்கு இரண்டு முறை போக வேண்டும்.

முதல் நாள் காலை 7.30-க்கு, திறந்தவுடன் பயோன். பிறகு நடந்தே பாபுவோன், யானை மேடை. பகல் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கலையும், அப்போது தா புரோம். மர நிழல் இருப்பதால் உச்சி வெயிலிலும் தாங்கும். பிற்பகல் அங்கோர் வாட்.

அங்கே மேற்கு வாசல் வழியாக நுழைந்து, சிற்பத் திருச்சுற்றில் வலப்பக்கம் திரும்புங்கள். நம் கோயில் பழக்கத்தில் இடப்பக்கம் போனால் கதை தலைகீழாக வரும். இங்கே புடைப்புச் சிற்பங்கள் அப்பிரதட்சிணமாக ஓடுகின்றன. (ஈமச் சடங்கில் அப்படிச் சுற்றுவது வழக்கம் என்பதை வைத்து, இது கோயிலைக் கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் நீத்தார் கோயில் என்று சிலர் வாதிடுகிறார்கள்.) முதலில் குருட்சேத்திரம், தெற்கே திரும்பினால் மன்னனின் படை, அதை அடுத்து யமனின் தீர்ப்பும் நரகங்களும், கிழக்குச் சுற்றின் தென்பாதியில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். இலங்கைப் போர் மேற்குச் சுற்றின் வடபாதியில், அதாவது நீங்கள் நுழைந்த இடத்துக்கு இடப்பக்கம். இந்த ஒரு சுற்றுக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லைத் தொடாதீர்கள், சில இடங்கள் கறுத்து மினுங்குவது கைபட்டுத்தான்.

இரண்டாம் நாள் சூரிய உதயம். 5 மணிக்குத் திறக்கும். எல்லோரும் இடப்பக்கக் குளக்கரையில் குவிவார்கள். டிசம்பர், ஜனவரியில் அது சரி, சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கோபுரத்தை ஒட்டி வரும். மார்ச், செப்டம்பர் 20 தேதிகளையொட்டி வந்தால் நடுப்பாதையிலேயே நில்லுங்கள், நடுக்கோபுரத்தின் மேல் உதிக்கும். வெளிச்சம் வந்ததும் பெருங்கூட்டம் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பும். நீங்கள் திரும்பாதீர்கள். உள்ளே இருப்பதற்கு அதுதான் நல்ல நேரம்.

மேல் தளமான பாகானில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாச் சட்டைக்கு மேல் துப்பட்டா போர்த்தி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பௌத்தப் புனித நாட்களில் மூடியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி என்று நம் நாள்காட்டியிலேயே ஏறத்தாழக் கணக்கிடலாம், ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

அன்று மிச்சப் பொழுதுக்குப் பெரிய சுற்று: பிரியா கான், நியாக் பியான், தா சோம், பிரே ரூப். பிரியா கான் நீளவாக்கில் கிடப்பது, டுக்டுக் ஓட்டுநரிடம் ஒரு வாசலில் இறக்கி எதிர்வாசலில் நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வந்த வழியே முழுக்க நடக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பந்தேய் ஸ்ரேய். கி.பி. 967-ல் பிரதிஷ்டையான சிவன் கோயில், சிறியது, ஆனால் சிவந்த மணற்கல்லில் இவ்வளவு நுணுக்கம் அங்கோரில் வேறெங்கும் கிடையாது. நடுப்பகுதியைக் கயிறு கட்டி அடைத்திருப்பதால் சின்ன பைனாகுலர் ஒன்று உதவும். உள் மதிலின் கிழக்கு வாயில் முகப்பில் ஆடும் சிவனையும், பக்கத்தில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணுருவையும் தேடுங்கள். ஆய்வாளர்கள் அவரைக் காரைக்கால் அம்மையார் என்கிறார்கள். தென்புற நூலகத்தில் இராவணன் கைலாயத்தை அசைக்கிறான்.

சில்லறை விஷயங்கள்: கிழிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், வண்டியை முன்பே பேசிவிடுங்கள். சைவம் என்றால் மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பாசி படிந்த மணற்கல் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். எல்லையோர மலைக்கோயிலான பிரியா விஹாருக்கும் ஆசைப்பட்டால், 2025-ல் தாய்லாந்து எல்லையில் நடந்த சண்டைக்குப் பிறகு பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்த பின்பே பணம் கட்டுங்கள்.