கேள்வி பதில்: அணு உலைக்குள்ள இறங்கின கச்சான் கமக்காரர்

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29இல, 100 வயசில காலமானதைப் பற்றி முன்னம் ரெண்டு வரி எழுதியிருந்தன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்லை.

முள்ளியவளை வாசகர்: கச்சான் செய்த கமக்காரர் எண்டு அப்பா சொல்லுறார், பேஸ்புக்கில அணு விஞ்ஞானி எண்டு போடுறாங்கள். எது உண்மை?

அப்பா சொல்லுறது முழு உண்மை தம்பி, மற்றது அரைவாசி. கார்ட்டர் 1946இல கடற்படை அக்கடமியில படிச்சு முடிச்சவர், பேந்து நீர்மூழ்கியில வேலை, அங்கயிருந்து அட்மிரல் றிக்கோவரின்ர அணு நீர்மூழ்கித் திட்டத்துக்குப் போய் அது சம்பந்தமா மேல்படிப்பும் படிச்சவர், ஆனா விஞ்ஞானி இல்லை, பயிற்சி எடுத்த ஒரு எஞ்சினியர் எண்டு சொன்னால் சரி. 1952 டிசம்பரில கனடாவில சோக் றிவர் எண்ட இடத்தில அணு உலை ஒண்டு பாதி உருகி, கதிர்வீச்சுத் தண்ணி கீழறை முழுக்க நிரம்பிப் போச்சு. அதைக் கழட்டி எடுக்கப் போன அமெரிக்க அணிக்கு இவர்தான் பொறுப்பு, அப்ப வயசு 28. பக்கத்தில இருந்த ரெனிஸ் கோர்ட்டில அந்த உலை மாதிரியே ஒண்டைச் செய்து வைச்சு, எந்த போல்ட்டை எந்தச் சாவியால கழட்டுறது எண்டு திரும்பத் திரும்பப் பழகினவை. ஏனெண்டால் உள்ள போனால் ஒராளுக்குக் கிடைக்கிறது ஒண்டரை நிமிசம் தான். உள்ள ஒரு போல்ட் கழண்டால் வெளியில மாதிரியிலயும் அதே போல்ட்டைக் கழட்டுவினம், அடுத்து இறங்கிறவனுக்கு எது மிச்சம் எண்டு தெரியவேணும். முகமாலையில கண்ணிவெடி எடுக்கிற பிள்ளைகள் ஒரு அடி நிலத்தோட எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறவை எண்டு பாத்த எங்கட ஆக்களுக்கு இதைப் பெரிசா விளக்கத் தேவையில்லை. ஆறு மாசம் வரைக்கும் கார்ட்டரின்ர சலத்தில கதிர்வீச்சு இருந்ததாம்.

1953இல தகப்பன் செத்துப்போக, உத்தியோகத்தை விட்டிட்டு ஜோர்ஜியாவில பிளெயின்ஸ் எண்ட சின்ன ஊருக்கே திரும்பி வந்து கச்சான் தொழிலைப் பாத்தவர். முதல் வருசமே மழை பொய்ச்சு, கையில மிஞ்சினது 200 டொலரும் இல்லை. கச்சான் போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருந்த எங்கட ஆக்களுக்கு அந்த வருசம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு தெரியும்.

கிளிநொச்சி வாசகர்: நல்ல மனுசன், ஆனா தோத்துப்போன ஜனாதிபதி எண்டு தானே சொல்லுறவை?

தேர்தலில தோத்தவர், அது உண்மை. விலைவாசி ஏறினது, பெற்றோலுக்கு வரிசை, ஈரானில 52 அமெரிக்கர் 444 நாள் பணயக்கைதி. 1980 ஏப்ரலில அவையை மீட்க அனுப்பின படையில எட்டுப் பேர் செத்த உடன ரீவியில வந்து முழுப் பொறுப்பும் என்ர தான் எண்டு சொன்னவர், கீழ இருக்கிற ஒரு அதிகாரியிலயும் போடேல்லை. எனக்கு அந்த ஒரு இடம் காணும் அவரை மதிக்க. அமெரிக்க ஜனாதிபதிமாரின்ர ஓய்விடமான காம்ப் டேவிட்டில எகிப்தையும் இஸ்ரேலையும் 13 நாள் வைச்சுக் கதைச்சு 1978இல உடன்பாடு எடுத்ததும் அதே ரெனிஸ் கோர்ட் பொறுமை தான், வரைவைத் திரும்பத் திரும்பத் தானே எழுதினவர். ஆனா மனித உரிமை எண்டு உலகம் முழுக்கக் கதைச்ச அவற்ற அரசு, இந்தோனேசியா பிடிச்சு வைச்சிருந்த கிழக்குத் தீமோரில சனம் சாகேக்க அந்த இந்தோனேசியாவுக்கே ஆயுதம் குடுத்தது, அதை மறைச்சு அவரைப் புகழ எனக்கு மனம் வரேல்லை.

மாங்குளம், உயர்தர மாணவி: வெள்ளை மாளிகையில சோலார் போட்டது அவரோ?

ஓம் தங்கச்சி. 1979 ஜூனில 32 தட்டு, தண்ணி சுடவைக்கிறதுக்கு, இப்ப எங்கட கூரையில இருக்கிற மாதிரி கரண்ட் எடுக்கிறது இல்லை. அவருக்கு அடுத்து வந்த ஜனாதிபதி றீகன் காலத்தில 1986இல கழட்டிப் போட்டினம். 1977இல அவர் தொடங்கின எரிசக்தி அமைச்சு இண்டைக்கும் இருக்கு.

நெடுங்கேணி வாசகர்: எங்கட சனத்துக்கு அவரால ஏதும் வந்ததோ?

நேரடியா இல்லை அண்ணை. ஆனா 1980 மார்ச்சில அவர் கையெழுத்துப் போட்ட அகதிச் சட்டம் தான் ஐநா சொன்ன அகதி வரைவிலக்கணத்தை அமெரிக்கச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தது. இனத்தால, மதத்தால, அரசியல் கருத்தால துன்புறுத்துவினம் எண்ட நியாயமான பயம் இருந்தால் காணும் எண்டு. பிறகு எங்கட பிள்ளைகள் அங்க போய் கேஸ் போட்ட போது லோயர்மார் பிடிச்சு நிண்டது அந்த வரியில தான். எத்தினை வீட்டில அந்த ஃபைல் இன்னும் இருக்கும்.

ஒட்டுசுட்டான் வாசகி: பதவி போன பிறகு சும்மா இருந்தவரோ?

இல்லையம்மா, வீட்ட வர கச்சான் வியாபாரம் பத்து லட்சம் டொலருக்கு மேல கடனில நிண்டது, அதை வித்துப்போட்டு 1982இல கார்ட்டர் நிலையம் தொடங்கினவர். நரம்புச் சிலந்தி எண்டு ஒரு வருத்தம், குளத்துத் தண்ணியோட உள்ள போய் ஒரு வருசத்தால காலைப் பிய்ச்சுக்கொண்டு நீளமான புழுவா வரும், தடியில சுத்திச் சுத்தி நாள்கணக்காய் இழுத்து எடுக்கவேணும். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. 1986இல உலகத்தில 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2023இல 14 பேர். அந்த நிலையத்து ஆக்கள் செய்தது என்ன எண்டால் ஊர் ஊராய்ப் போய் துணியால தண்ணியை வடிச்சுக் குடிக்கப் பழக்கினது, புழு வெளிக்கிட்ட காலோட குளத்தில இறங்க வேண்டாம் எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொன்னது. கடைசிப் புழுவும் தனக்கு முன்னம் சாகவேணும் எண்டு சொன்னவர், கொஞ்சம் மிஞ்சிப் போச்சு.