மூன்றாவது பொட்டலம் வேண்டாம்

கேள்வி: சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. அடைப்பு நீக்கும் பொடியை நேற்று ஒரு பொட்டலம், இன்று ஒரு பொட்டலம் கொட்டிவிட்டேன். தண்ணீர் சூடானதுதான் மிச்சம். இதைவிட வீரியமான திரவம் கடையில் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் சூடானது அது கரைந்ததால்தான். அடைப்பு கரைந்ததால் அல்ல. இப்போது உங்கள் சிங்க்கில் நிற்பது தோலையும் கண்ணையும் பொசுக்கும் காரம். வீரியமான திரவங்கள் பலவும் அமிலம். இரண்டும் சேர்ந்தால் அந்த நொடியே கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். பிளீச்சிங் திரவமும் ஊற்றாதீர்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும்.

முதலில் குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, தண்ணீரை பிளாஸ்டிக் குவளையால் மெதுவாக பிளாஸ்டிக் வாளியில் மொண்டெடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து எரியும் வாயுவை உண்டாக்கும். ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சரையும் இன்று தொடாதீர்கள், தெறிக்கும். பிளம்பரை அழைத்தால், என்ன கொட்டினீர்கள் என்பதை அவர் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பலர் வெறுங்கையால்தான் குழாயைத் திறக்கிறார்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களே செய்வதானால், சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாயின் கீழே வாளியை வைத்து மரையைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் அந்த வளைவிலேயே எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகி நிற்கும். வளைவு சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்: கைப்பிடியால் சுழற்றும் ஸ்பிரிங் கம்பி. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமன், 5 மீட்டர் நீளம் வீட்டுக்குப் போதும். நுனிச் சுருள் சற்று அகன்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அழுக்கைக் கவ்வுவது அதுதான். கம்பி முட்டும் இடத்தில் குத்தித் தள்ளாமல் வலப்பக்கமாகச் சுழற்றுங்கள். கை முதலில் கனக்கும், பிறகு சட்டென்று இளகும். அப்போது மெல்ல இழுத்தால் கறுத்த பிசுக்கு கம்பியில் சுற்றிக்கொண்டு வரும். பொட்டலம் ஒரு முறையோடு தீர்ந்துவிடும், கம்பியைக் கழுவித் துடைத்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

கேள்வி: சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் போதும் என்கிறார்களே?

பதில்: நுரைதான் வரும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். கொதிநீரும் வேண்டாம், பிவிசி குழாய் இளகி இணைப்பு கசியும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் போதும், அதுவும் தண்ணீர் ஓரளவாவது இறங்கினால்தான். சிங்க்கில் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்திலும் தண்ணீர் மேலே வந்தால் அடைப்பு பொதுக் குழாயில் இருக்கிறது. அதற்கு எந்தப் பொருளையும் வாங்காமல் நேராக பிளம்பரை அழையுங்கள்.