சைபர் செக்யூரிட்டிக்கு ஆசைப்படும் மகள் முதலில் ரவுட்டரில் பழகட்டும்

அம்மா, வணக்கம். பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் சைபர் செக்யூரிட்டிதான் வேண்டும் என்கிறாள், எத்திக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு உடைத்துப் பார்த்துப் பாதுகாப்பைச் சோதிப்பது) கோர்ஸுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். துறை நல்ல துறைதான், மகளின் ஆசையிலும் தப்பில்லை. ஆனால் ஒரு நெட்வொர்க்குக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எழுதத் தெரிவதற்கு முன்னால் அதை உடைக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் படிப்பு மனதில் நிற்காது. முதலில் அவள் பாக்கெட் ஃபில்டர் எழுதப் பழகட்டும். அதற்குப் பணம் தேவையே இல்லை.

அது என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். அலுவலக நெட்வொர்க் இன்டர்நெட்டோடு சேரும் எல்லையில், தகவலை வழி பார்த்து அனுப்பும் ரவுட்டர் என்ற கருவி இருக்கும். தகவல் எல்லாம் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக அதைக் கடக்கிறது. எந்த ஐபி முகவரியிலிருந்து (கணினியின் நெட்வொர்க் முகவரி), எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (அந்தக் கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) என்பது ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் இருக்கும். அதைப் பார்த்து எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ரவுட்டருக்குச் சொல்லும் விதிப் பட்டியல்தான் பாக்கெட் ஃபில்டர். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் இதை ஏ.சி.எல். (ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட்) என்பார்கள்.

இந்தப் பட்டியலின் அருமை 2003 ஜனவரியில் உலகத்துக்கே தெரிந்தது. ஸ்லாமர் என்ற புழு, அதாவது தானாகவே பரவும் கெட்ட நிரல், மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த மென்பொருள்) அதற்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது, பலர் போடவில்லை. புழு முழுக்க ஒரே ஒரு யு.டி.பி. (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) பாக்கெட்டில் அடங்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் மாட்டக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவை மாட்டிவிட்டன. அது வந்த வழி 1434 என்ற போர்ட். அந்தப் போர்ட்டை எல்லை ரவுட்டரிலேயே தடுத்திருந்த இடங்களில், பேட்ச் போடாத சர்வருக்கும் வெளியிலிருந்து அது வந்து சேரவில்லை.

சரி, மகள் என்ன செய்ய வேண்டும்? சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். அதில் ஒரு ரவுட்டர், உள்ளே நான்கு கணினிகள், ஒரு வெப் சர்வர், வெளியே இன்டர்நெட் என்று வரைந்துகொள்ளட்டும். ரவுட்டரின் வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் (இன்டர்நெட்டோடு சேரும் இணைப்பில்) உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கு விதி எழுதட்டும். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகள் (உள் நெட்வொர்க்குக்கு மட்டும் ஒதுக்கியவை) இன்டர்நெட்டிலிருந்து வரவே கூடாது, தடு. நம்முடைய முகவரியையே அனுப்புநராகப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து வருவது பொய், தடு. வெப் சர்வருக்கு இணையதளத்துக்கான 80, 443 போர்ட்டுகளை மட்டும் விடு. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதில்களை விடு. மற்றதெல்லாம் தடு; உண்மையான ரவுட்டர் என்றால் தடுத்ததை லாகிலும் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு) எழுது. அப்புறம் வெளியே போகும் திசைக்கும் ஒரு பட்டியல்: நம்முடைய முகவரியிலிருந்து கிளம்புவது மட்டுமே போகலாம். போலி முகவரியில் நடக்கும் தாக்குதல்கள் நம் இடத்திலிருந்து கிளம்பாமல் இருக்க இது வேண்டும். 2000-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2827 என்ற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம் இதைத்தான் சொல்கிறது. சின்ன ஆவணம்தான், அவளே படிக்கலாம்.

எழுதி முடித்ததும் அவள் தடுமாறுவாள், தடுமாறட்டும். ரவுட்டர் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். 'எல்லாம் விடு' என்ற வரி மேலே போய்விட்டால் கீழே எழுதிய அத்தனையும் வீண். எதிலும் பொருந்தாததை ரவுட்டர் தானாகவே தடுத்துவிடும் என்பதை மறந்தால், தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டி.என்.எஸ்.ஸின் பதிலுக்கு வழியில்லாமல் அலுவலகம் முழுக்க இன்டர்நெட் போய்விடும். பாதுகாப்பு என்று நினைத்து ஐ.சி.எம்.பி. (நெட்வொர்க்கில் பிழைகளைத் தெரிவிக்கும் செய்திகள்) முழுவதையும் தடுத்தால், சில தளங்கள் பாதி திறந்து அப்படியே நிற்கும். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று திரும்பி வரும் செய்தியையும் சேர்த்துத் தடுத்ததுதான் காரணம். தூரத்தில் உள்ள ரவுட்டரில் விதி போடும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொள்வது இன்னொரு ஆபத்து. அதற்காகத்தான் அனுபவசாலிகள் பத்து நிமிடத்தில் ரவுட்டர் ரீலோட் ஆகி, சேமித்த பழைய விதிகளுக்கே திரும்பும்படி முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டு சேமிப்பார்கள்.

ஏன் ஓடவில்லை என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து தேடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிடித்திருந்தால் இது அவளுக்கான துறை. எரிச்சல் மட்டுமே வந்தால், பணம் கட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எல்லாம் கிளவுடுக்கு (இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்கு) போய்விட்டதே, இது பழசு இல்லையா என்று கோர்ஸ் விற்பவர்கள் சொல்வார்கள். அமேசான் கிளவுடிலும் நெட்வொர்க் ஏ.சி.எல். இருக்கிறது, விதிகள் எண் வரிசைப்படிதான் படிக்கப்படுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் இதே வேலைக்கு என்.எஃப்.டேபிள்ஸ் இருக்கிறது. கட்டளை மாறும், யோசிக்கும் முறை அதேதான்.

லாக் படிக்கவும் பழகட்டும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி இந்திய நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும் அல்லவா? ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சோதனை எல்லாம் சொந்த லேபில்தான். கல்லூரி சர்வரையோ வேறு யாருடையதையோ அனுமதியில்லாமல் தொட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பாயலாம், மூன்று வருடம் வரை சிறை.

ஆறு மாதம் இப்படிப் பழகிய பிறகு சிஸ்கோ நடத்தும் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குப் போகலாம். ஏ.சி.எல். அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில்தான் கிடைக்கும், அங்கே நைட் ஷிஃப்ட் உண்டு. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வேலையில் சேரும் முன்பே ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், இரவில் வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா என்று அவளே எச்.ஆரிடம் கேட்கட்டும், பதிலை ஆஃபர் லெட்டரிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.