சிங்கப்பூரில் விவசாயக் கிராமம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

வயலும் வீடும் ஒன்றாக இருக்கும் கிராமம் என்றால், இல்லை. முதன்மைத் தீவில் மிஞ்சிய ஒரே கம்போங், அதாவது பழைய பாணிக் கிராமம், லோரோங் புவாங்கோக். தகரக் கூரை வீடுகளும் பழமரங்களும் உண்டு, ஆனால் யாரும் பயிர் செய்து பிழைப்பதில்லை.

ஒரு காலத்தில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நம்மவர்கள் மாடு வளர்த்தார்கள். பொங்கோலில் பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்தன. 1977இல் ஆறுகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோது, கழிவு கலக்கிறது என்று கரையோரப் பண்ணைகளை அகற்றினார்கள். பொங்கோல் பண்ணைகளும் 1990க்குள் போய்விட்டன. சுத்தமான ஆறு அவசியம்தான், ஆனாலும் அந்த வாழ்க்கை மொத்தமாகப் போனது பெரிய இழப்பு.

இப்போது விவசாயம் பார்க்க வேண்டுமா? சரி, தீவின் வடமேற்கில் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் போங்கள். கீரை, முட்டை, மீன், ஆட்டுப்பால் பண்ணைகள் அங்கேதான். குத்தகை முடிந்து மூடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.