பத்தாம் நம்பர் ஜெர்சிய என்ன பண்றது?

அண்ணா, வணக்கம்.

உங்க சைட்ட ரொம்ப வருஷமா படிக்கிறேன், எழுதுறது இதான் மொத தடவ. புல்மன்ல எம்.எஸ். படிச்சவன் நான், வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. இப்போ சியாட்டில் பக்கம் மூணாவது கம்பெனியில குப்ப கொட்டிட்டு இருக்கேன். ஊர்ல இருந்தவரைக்கும் கிரிக்கெட்ட தவிர ஒண்ணும் தெரியாது, புல்மன்ல ரூம்மேட் இழுத்துட்டுப் போய் ஒரு மேட்ச் காட்டுனான், அன்னைக்கு புடிச்ச அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் இன்னும் தெளியல.

இப்போ தெளிஞ்சிடும் போல இருக்கு. மொதல்ல கேம் வார்ட் போனான். ரெண்டு வருஷம் எங்க க்வார்ட்டர்பேக், 2024ல மயாமி காலேஜுக்கு போயிட்டான், சரி போறான்னு விட்டேன். அடுத்து ஜான் மட்டீர். 2024ல ஒரே சீசன்ல பாஸ், ரன் எல்லாம் சேத்து 44 டச்டவுன், அதாவது பந்த எதிராளி கடைசிக் கோட்டுக்கு அந்தப்பக்கம் சேத்தது, நாட்டுலயே அந்த வருஷம் யாரும் அத்தன போடல. டிசம்பர்ல ஓக்லஹோமா காலேஜுக்கு கெளம்பிட்டான். அவனுக்கு முன்னாடியே அஃபென்ஸ் கோச் அங்க போயாச்சு, அதே வாரத்துல ஹெட் கோச் வேக் ஃபாரஸ்ட் காலேஜுக்கு போயாச்சு. சீசன் கடைசி மேட்ச், ஹாலிடே போல்ல சிரக்யூஸ்கிட்ட 52-35னு வாங்கிக் கட்டிக்கிட்டப்போ களத்துல நின்ன பாதி பேரு யாருன்னே எனக்கு தெரியல.

அந்த வருஷம் செப்டம்பர்லதான் என் பொண்ணுக்கு மட்டீரோட பத்தாம் நம்பர் ஜெர்சி வாங்கிக் குடுத்தேன், மொத்தமா நாலு தடவ போட்டிருப்பா. இவனுங்களுக்கெல்லாம் விசுவாசம்னு ஒண்ணு கிடையாதாண்ணா? காலேஜ் டீம்னா அந்த காலேஜ் பசங்க ஆடணும். இது கூலிக்கு ஆள் எடுத்து ஆடுற மாதிரி ஆயிடுச்சு. இனிமே இத பாக்கணுமா?

வி., பெல்வியூ

—

தம்பி வி.,

மொதல்ல மத்தவங்களுக்காக ஒரு வரி: இது உருண்டப் பந்து இல்ல, ரெண்டு பக்கமும் கூரா இருக்குற பந்த கையில வச்சுக்கிட்டு முட்டி மோதுற ஆட்டம், க்வார்ட்டர்பேக்ங்கிறவன் அதுல ஓப்பனிங் பேட்ஸ்மேனும் கேப்டனும் சேந்த மாதிரி, அவன் போனா பாதி டீம் போன மாதிரி. இதுக்கு மேல விளக்குனா நீ கோச்சுப்ப.

உன் லெட்டர படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பாட்டி. 2018 நவம்பர், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், நானும் உன் ஊருக்கு வந்திருக்கேன். ஸ்போகேன்ல ஒரு நண்பன் வீட்டுக்கு போனவன, வாடா ஆப்பிள் கப் பாக்கலாம்னு கார்ல ஏத்திக்கிட்டான், உங்க வாஷிங்டன் ஸ்டேட்டும் சியாட்டில்ல இருக்குற வாஷிங்டன் யுனிவர்சிட்டியும் மோதுற மேட்ச் அது. வழி முழுக்க அலை அலையா கோதும வயல் மேடு, அறுத்துப் போட்ட கட்ட மேல பனி. ஹியூஸ்டன்லயே குளிருதுன்னு ஸ்வெட்டர் தேடுற ஆளு நான், அங்க ஸ்டேடியத்துல உக்காந்தா எதிர்ல இருக்குற யார்டு கோடே தெரியல, அப்படி கொட்டுது. பக்கத்து சீட்ல எழுபது தாண்டுன ஒரு பாட்டி, மூக்குக்கு கீழ ஒட்டு மீச. சும்மா இல்ல, உங்க க்வார்ட்டர்பேக் கார்ட்னர் மின்ஷூவோட மீச. அந்த வருஷம் புல்மன்ல பாதி பேருக்கு அந்த மீச இருந்துச்சு, கைக்குழந்தைக்குக் கூட. பாட்டி பையில இருந்து இன்னொண்ண எடுத்து எனக்கும் ஒட்டி விட்டுட்டு, "அவன் எங்க பையன்"னு சொல்லுச்சு. பனியில பசை ஒட்டல, ரெண்டாவது க்வார்ட்டர்லயே விழுந்துடுச்சு, பாட்டி அதுக்கும் திட்டுச்சு.

எங்க பையன். தம்பி, மின்ஷூ அந்த ஊருக்கு வந்து அன்னைக்கு ஒரு வருஷம் கூட ஆகல. ஈஸ்ட் கரோலைனாவுல ஆடிட்டு இருந்தவன், டிகிரி முடிச்சதால ஒரு வருஷம் ஆடாம சும்மா உக்காராமலே வேற காலேஜ்ல ஆடலாம், அலபாமாவுக்கு பேக்கப்பா போறதுக்கு தயாரா இருந்தவன உங்க கோச் மைக் லீச் போன் பண்ணி மடக்கிட்டாரு. ஒரே சீசன், 4,779 யார்டு, 11 வெற்றி, கெளம்பிட்டான். அன்னைக்கு ஆப்பிள் கப்ப வாஷிங்டன்கிட்ட 28-15னு தோத்தீங்க, அதனால அவன் மேல யாருக்கும் பிரியம் கொறையல. வடக்கு கரோலைனாவுல க்ரீன்வில்னு ஒரு ஊர்ல உன்ன மாதிரியே ஒருத்தன் அப்போ உக்காந்து பல்ல கடிச்சிருப்பான், அத பத்தி நீயும் யோசிக்கல நானும் யோசிக்கல.

கேம் வார்டும் அப்படி வந்தவன்தான். அவன் ஊரு வெஸ்ட் கொலம்பியா, என் வீட்ல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி. ஸ்கூல்ல அவங்க ஆடுனது விங்-டின்னு ஒரு பழங்காலத்து ஸ்டைல், பந்த வாங்கி அடுத்தவன் கையில குடுக்குறதுதான் க்வார்ட்டர்பேக் வேல, எறிய விட்டாத்தானே அவனுக்கு எறியத் தெரியும்னு யாருக்காவது தெரியும். பெரிய காலேஜ் ஒண்ணு கூட எட்டிப் பாக்கல. சான் அன்டோனியோவுல இன்கார்னேட் வர்ட்னு ஒரு சின்ன கத்தோலிக்க காலேஜ், அங்க கோச் எரிக் மாரிஸ் மட்டும் இடம் குடுத்தாரு. அங்க 2021 சீசன்ல 47 டச்டவுன் பாஸ் போட்டான். மாரிஸ் புல்மனுக்கு அஃபென்ஸ் கோச்சா கெளம்புனதும் பின்னாடியே இவனும். ஒரு வருஷத்துல மாரிஸ் நார்த் டெக்சஸுக்கு ஹெட் கோச்சா பறந்துட்டாரு, பையன் உங்க ஊர்லயே இன்னொரு வருஷம் இருந்தான். அத கணக்குல சேக்க மாட்டேங்குற பாரு. மயாமியில 39 டச்டவுன், ப்ரோ டீமுங்க காலேஜ் பசங்கள எடுக்குற 2025 டிராஃப்ட்ல மொத ஆளா டென்னசி டைட்டன்ஸ் எடுத்துச்சு. புல்மன்லயே இருந்திருந்தாலும் மொத ஆளா போயிருப்பானான்னு கேட்டா, எனக்கு நம்பிக்க இல்ல.

விசுவாசம்னு கேட்டியே. 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழம. உனக்கு மறந்திருக்காது. ஒரே நாள்ல அஞ்சு காலேஜ், நீங்க ஆடுன பேக்-12ங்கிற லீக்ல இருந்து நடையக் கட்டுச்சு. அதுல உங்க சொந்த மாநிலத்து வாஷிங்டன் ஒண்ணு, நூறு வருஷத்துக்கு மேல உங்களோட ஆடிட்டு இருந்த பங்காளி, நியூ ஜெர்சி வரைக்கும் பறந்து போய் ரட்கர்ஸோட ஆடுறேன்னு பிக் டென்ங்கிற லீக்ல சேந்துடுச்சு, காரணம் டிவி காசு, வேற ஒண்ணுமில்ல. அதுக்கு முந்தின வருஷமே யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. ரெண்டும் கெளம்பியாச்சு. கடைசியில நீங்களும் ஆரிகன் ஸ்டேட்டும் மட்டும், கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துல சேர் மடிக்கிறவன் மாதிரி நின்னீங்க. அடுத்த மாசம் அந்த ரெண்டு பேரும் மோதுன மேட்ச்ல வார்ட் 400 யார்டு எறிஞ்சு 38-35னு ஜெயிச்சுக் குடுத்தான், அப்போ ஊரே அவன தோள்ல தூக்காத குற. பெரியவங்க எல்லாம் காசுக்கு வீட்ட காலி பண்ணிட்டு, இருபது வயசுப் பையன் மட்டும் பெட்டிய கட்டக் கூடாதுன்னா எப்படி தம்பி?

கோச்சுங்க கத இன்னும் மோசம். எங்க ஊர் பக்கம் டெக்சஸ் ஏ அண்ட் எம்ல 2023ல ஹெட் கோச் ஜிம்போ ஃபிஷர வெளிய அனுப்புறதுக்கே 7.5 கோடி டாலருக்கு மேல குடுக்குறோம்னு ஒத்துக்கிட்டாங்க. வேல செய்யாம இருக்குறதுக்கு அவ்ளோ. அவருக்கு கான்ட்ராக்ட் இருந்துச்சு, அதான் விஷயம்.

நீ மூணாவது கம்பெனின்னு எழுதியிருக்கியே, ரெண்டாவது கம்பெனிய விட்டப்போ நோட்டீஸ் குடுத்திருப்ப, ஜாயினிங் போனஸ திருப்பிக் கட்டிட்டு போன்னு கூட கேட்டிருப்பாங்க, ஏன்னா நீ எம்ப்ளாயி, ரெண்டு பக்கமும் கையெழுத்து இருக்கு. இந்த பசங்கள அப்படி ஆக்கவே மாட்டோம்னு காலேஜ் விளையாட்ட நடத்துற என்.சி.ஏ.ஏ.வும் காலேஜுங்களும் காலம் காலமா கோர்ட்டு கோர்ட்டா ஏறி வாதாடுனாங்க, இவங்க வேலக்காரங்க இல்ல, மாணவர்கள், காசு குடுத்தா ஆட்டத்தோட புனிதம் போயிடும்னு. சரி, மாணவன்னா மாணவன் எங்க வேணா போய்ப் படிப்பான்ல? அதனால வேற மாதிரி கட்டிப் போட்டாங்க, மாறுனா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், எந்த காலேஜோட பேசலாம்னு பழைய கோச் அனுமதிக்கணும். 2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு, மாற நெனக்கிறவன் பேரு போட்டு வைக்கிற லிஸ்ட் ஒண்ணு வந்துச்சு, கோச்சோட அனுமதி தேவையில்லன்னு ஆச்சு. 2021ல ஒரு தடவ உக்காராம மாறலாம்னாங்க, அதே வருஷம் ஜூலையில பேரு, முகத்த வச்சு விளம்பரக் காசு வாங்கிக்கலாம்னும் விட்டாங்க. 2023 டிசம்பர்ல மேற்கு வர்ஜீனியாவுல ஒரு ஜட்ஜ் மிச்ச கயிறையும் அறுத்து விட, 2024ல இருந்து பாஸ் மார்க் இருந்தா எத்தன தடவ வேணா தாவலாம். 2025 ஜூலையில இருந்து காலேஜே நேரா காசு குடுக்கலாம், ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேத்து மொத வருஷம் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். ஆனா புல்மன் மாதிரி ஊருக்கு அந்த உச்சவரம்பெல்லாம் ஆகாசத்துல தொங்குற திராட்ச.

ஒழுங்கா உக்கார வச்சு மூணு வருஷ கான்ட்ராக்ட் போட்டு, நடுவுல போனா கூப்பிடுற காலேஜ் இவ்ளோ கட்டணும்னு எழுதியிருந்தா உன் மட்டீர் அப்பவும் போயிருக்கலாம், ஆனா புல்மனுக்கு ஏதாவது தேறியிருக்கும். உருண்டப் பந்து ஆட்டத்துல ஒருத்தன விலைக்கு வாங்குனா, அவன சின்ன வயசுல வளத்த கிளப்புகளுக்கு அந்த விலையில அஞ்சு சதவீதம் போகணும்னு ஃபிஃபா ரூலே இருக்கு, பிரேசில்ல ஏதோ ஒரு சந்து கிளப்புக்கு கூட காசு போய்ச் சேரும். இங்க நாத்து விட்டு தண்ணி பாய்ச்சுனவனுக்கு ஒரு மூட்ட கூட கிடையாது, முழுசும் அறுத்தவனுக்கு. உன் கோவத்த நான் தப்புன்னு சொல்லல. பையன் மேல கொட்டாதன்னுதான் சொல்றேன்.

ஏன்னா உன் வருத்தம் எனக்கு புரியுது. மட்டீர் ரெண்டு வருஷம் வார்டுக்கு பின்னாடி பெஞ்சுல உக்காந்தவன், இவனுக்கும் பெரிய காலேஜ் எதுவும் வரிசையில நிக்கல. கொஞ்சம் கொஞ்சமா அவன் தேறுறத நீ சனிக்கிழம சனிக்கிழம பாத்திருக்க. 2024 ஆப்பிள் கப், சியாட்டில்ல, கடைசி நிமிஷத்துல கோட்டுக்கு பக்கத்துல வாஷிங்டனோட நாலாவது முயற்சிய நிறுத்தி 24-19னு ஜெயிச்சீங்களே, நீ அங்கதான் இருந்திருப்ப, உன் பொண்ணு தோள் மேல. அப்போ மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடும், இந்த வருஷமே இப்படின்னா அடுத்த வருஷம் இவன் எப்படி இருப்பான்னு. அந்த அடுத்த வருஷத்த ஓக்லஹோமாக்காரன் டிக்கெட் எடுத்துப் பாத்தான். அதுவும் முழுசா பாக்கல, செப்டம்பர்ல கை ஒடஞ்சு ஆபரேஷன் ஆகி, அவசரமா திரும்பி வந்து டெக்சஸ்கிட்ட 23-6னு தோத்தான், சீசன் முடிவுல டீம் பிளேஆஃப் வரைக்கும் போச்சுங்கிறது வேற. அவன் கை ஒடஞ்சப்போ உனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சா, வருத்தமா இருந்துச்சா? பொய் சொல்லாம எழுது.

ஒண்ணு மட்டும் உன்கிட்ட ஒத்துக்க முடியாது, இது ஆட்டத்தையே கொன்னுடுச்சுங்கிறத. இண்டியானா 2023ல மூணே மேட்ச் ஜெயிச்ச டீம், புதுசா வந்த கோச் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன்ல இருந்து தன் பசங்கள பத்து பேருக்கு மேல கூட்டிட்டு வந்து அடுத்த வருஷமே 11 ஜெயிச்சாரு, அதுக்கு அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல இருந்து வந்த க்வார்ட்டர்பேக் மெண்டோசா, வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்கு குடுக்குற ஹைஸ்மன் வாங்கிட்டான். ஹாரிசன்பர்க்ல ஜேம்ஸ் மேடிசன் ரசிகன் அழுதிருப்பான், ஆமா. நீங்க மட்டும் என்ன பண்ணீங்க? 2025க்கு ஹெட் கோச்சா ஜிம்மி ராஜர்ஸ கூட்டிட்டு வந்தப்போ சவுத் டகோட்டா ஸ்டேட்ல இருந்து ஒரு டஜனுக்கு மேல பசங்க அவர் கூடவே வந்தாங்க, ப்ரூக்கிங்ஸ்ல பாதி லாக்கர் காலி. உங்க ஆளுங்க கை தட்டுனாங்க. ஒரே சீசன், டிசம்பர்ல அவரும் அயோவா ஸ்டேட்டுக்கு கெளம்பிட்டாரு. ப்ரூக்கிங்ஸ்காரன் அன்னைக்கு நல்லா சிரிச்சிருப்பான்.

பாக்கணுமான்னு கேட்ட. அத நான் சொல்லக் கூடாது, நான் ஒரு வருஷம் பாக்கவே மாட்டேன்னு சபதம் போட்டு மூணாவது வாரத்துல ஃபோன்ல ஸ்கோர் பாத்துக்கிட்டு பாத்ரூம்ல உக்காந்திருந்தவன்.

அந்த ஜெர்சிய தூக்கிப் போடாத. ஓக்லஹோமாவுலயும் அவனுக்கு பத்தாம் நம்பர்தான், கலரும் அதே கருஞ்சிவப்புதான், பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லலன்னா அவளுக்கு வித்தியாசமே தெரியாது. அடுத்தது வாங்குறப்போ பேரு போடாதத வாங்கு, பத்து பதினஞ்சு டாலர் கம்மியாவும் கிடைக்கும். பாட்டி போட்டிருந்த ஸ்வெட்டர்ல பேரும் இல்ல நம்பரும் இல்ல, நெஞ்சுல உங்க டீம் சின்னம், ஒரு கூகர் தல, அதுவும் துவச்சு துவச்சு ஒரு கண்ணு போயிருந்துச்சு.

அப்புறம் புல்மன் பக்கம் போனா உங்க காலேஜ் டெய்ரியில செய்யுற அந்த கூகர் கோல்டு சீஸ் டின் ஒண்ணு அனுப்பி வை. அன்னைக்கு நண்பன் ஒண்ணு குடுத்தான், டின்ல எவனாவது சீஸ் அடைப்பானான்னு சிரிச்சுட்டு ஊருக்கு வந்து ரெண்டே நாள்ல காலி பண்ணிட்டோம், வீட்ல இன்னும் கேக்குறாங்க.