ஓரிகனில் 20 ஏக்கர் வாங்கினால் வீடு கட்டலாமா? கவுண்டி திட்டமும் சோனிங்கும்

கேள்வி: ஓரிகன் மாநிலம் வாஷிங்டன் கவுண்டியில், ஹில்ஸ்பரோவுக்கு வெளியே 20 ஏக்கர் பார்த்திருக்கிறோம். சோன் ஏஎஃப்-20. அதில் வீடு கட்ட முடியுமா? கவுண்டியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று, சோனிங் ஒன்று என்கிறார்கள். எது செல்லும்?

பதில்:

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயரில் 20 இருப்பதால் 20 ஏக்கருக்கு ஒரு வீடு என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் ஏஎஃப்-20 விவசாயத்துக்கென்றே ஒதுக்கிய சோன். இத்தகைய நிலத்தைப் புதிதாகப் பிரிக்க, ஒவ்வொரு துண்டும் பொதுவாகக் குறைந்தது 80 ஏக்கர் இருக்க வேண்டும் (மேய்ச்சல் நிலமென்றால் 160) என்று 1993-இல் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. அதே கவுண்டியின் ஏஎஃப்-5, ஏஎஃப்-10 வேறு வகை. அவற்றில் வீடு சாதாரணமாகவே அனுமதிக்கப்படும்.

இனி திட்டமும் சோனிங்கும். எந்த நிலம் எதற்கு, ஏன் என்று நீண்டகாலத்துக்கு முடிவு செய்வது திட்டம். அந்த முடிவை ஏக்கர், உயரம், எல்லையிலிருந்து விட வேண்டிய இடம், எதற்கு எந்த பர்மிட் என்று அளந்து சொல்வது சோனிங். அமெரிக்காவின் பல மாநிலங்களில் திட்டம் வெறும் ஆலோசனை. ஓரிகனில் அப்படியில்லை. 1973-இல் ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் வந்த செனட் மசோதா 100, எல்லா நகரங்களும் கவுண்டிகளும் மாநில இலக்குகளுக்கு (இன்று 19) ஏற்பத் திட்டம் எழுதியே ஆக வேண்டும் என்றது. அதே ஆண்டு ஃபசானோ வழக்கில், இதே வாஷிங்டன் கவுண்டியின் ஒரு சோன் மாற்றத்தை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டத்தோடு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையது என்பது தீர்ப்பு. 1975-இல் ஓரிகனின் மில்வாக்கி நகர வழக்கு இதை இன்னும் தெளிவாக்கியது: சோனிங் ஏக்கருக்கு 39 வீடுகள் அனுமதித்தது, திட்டம் 17 என்றது. திட்டமே வென்றது.

ஆகவே மோதினால் திட்டம். ஆனால் வாஷிங்டன் கவுண்டியில் திட்டத்துக்கும் சோனுக்கும் ஒரே வரைபடம்தான். அதனால் 'சோனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்' என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அது திட்டத் திருத்தம். ஏஎஃப்-20-ஐ ஏஎஃப்-5 ஆக்க, விவசாய நில இலக்கிலிருந்து விதிவிலக்கு வேண்டும்: நிலம் ஏற்கெனவே கட்டடங்களால் நிரம்பிவிட்டது, அல்லது சுற்றுப்புறத்தால் விவசாயம் நடைமுறையில் சாத்தியமில்லை, அல்லது வலுவான தனிக்காரணம் உண்டு என்று காட்ட வேண்டும். பக்கத்தில் வைக்கோல் அறுவடை நடந்துகொண்டிருந்தால் இரண்டாவதைக் காட்டுவது மிகக் கடினம். சாதாரண பர்மிட்டில் கவுண்டி 150 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடுவும் திட்டத் திருத்தத்துக்குப் பொருந்தாது.

சோனை மாற்றாமல் வீடு கட்டும் வழிகளைத்தான் முதலில் பாருங்கள். நிலத்தில் பழைய வீடு இருந்தால் அதை இடித்துப் புதிதாகக் கட்டலாம்; சுவர், கூரை, சமையலறைத் தொட்டி, கழிப்பறை, குளியலறை, மின்வயரிங், ஹீட்டிங் எல்லாம் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். மண் உயர்தர விவசாய மண் என்றால், விவசாயி வீட்டுக்கு விளைச்சலில் ஆண்டுக்கு 80,000 டாலர் மொத்த வருமானத்தை முன்பே ஈட்டியிருக்க வேண்டும்: கடைசி 2 ஆண்டுகளிலும், அல்லது கடைசி 5-இல் 3 ஆண்டுகளில். குத்தகை நிலத்தின் வருமானம் சேராது. 20 ஏக்கரில் வைக்கோல் போட்டு இந்தத் தொகையை எட்ட முடியாது. நர்சரி, பெர்ரி மாதிரி பயிர் வேண்டும். மண் அவ்வளவு உயர்தரம் இல்லை, விற்பவர் 1985 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உரிமையாளர் என்றால் இன்னொரு வழி உண்டு. அவர் பெயரில் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். பிறகு அதை உங்களுக்கு மாற்றலாம்.

அதிகம் பேர் விழும் குழி ஒன்றும் உண்டு. வரி ரசீதில் உள்ள டேக்ஸ் லாட் எண், சட்டப்படி பிரிக்கப்பட்ட மனை என்பதற்குச் சான்று ஆகாது. வரி வசூலுக்காக மட்டும் பிரித்த துண்டாகவும் இருக்கலாம். பழைய பத்திரங்களைத் தேடி, மனை பிரிக்கப்பட்ட நாளில் இருந்த விதிப்படிதான் பிரிந்ததா என்று பாருங்கள்.

விண்ணப்பம் ஹியரிங் (பொது விசாரணை) வரை போனால், விவசாய சோனில் குறைந்தது 500 அடிக்குள் உள்ள நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும். அதிகாரிகளின் அறிக்கை குறைந்தது 7 நாள் முன்பே கிடைக்கும். அதில் எந்த விதிப்பிரிவு நிறைவேறவில்லை என்று இருக்கிறதோ, அதற்கு மட்டும் எழுத்தில் ஆதாரத்தோடு பதில் கொடுங்கள். அங்கே எழுப்பாத வாதத்தைப் பிறகு நில வழக்கு மேல்முறையீட்டு வாரியத்தில் எழுப்ப முடியாது. அங்கு போகவும் 21 நாள்தான்.

கவுண்டி கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்ட பதில் யாரையும் கட்டுப்படுத்தாது. வாங்கும் ஒப்பந்தத்திலேயே, வீட்டுக்கான நில அனுமதியும் செப்டிக் மண் பரிசோதனை ஒப்புதலும் கிடைத்து, மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகுதான் பணம் என்று நிபந்தனை எழுதுங்கள்.